பாலத்தளத்தைப் பார்க்காமலே பழுதுபார்ப்பது எப்படி?

உங்கள் பொறுப்பில் ஒரு கான்கிரீட் பாலம் இருக்கிறது. தளத்தின் அடிப்பக்கத்தில் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிக்கிறது. பாலத்துக்குக் கீழே டீ குடிக்க ஒதுங்கிய யாரோ அதைப் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார். மேலிடத்திலிருந்து ஃபோனும் வந்தாயிற்று. பதறாதீர்கள். கறுப்பாக, மெல்லியதாக, பெயரைக் கேட்டதுமே எதிராளி வாயடைத்துப்போகும் ஒரு பொருள் சந்தையில் இருக்கிறது: கார்பன் ஃபைபர். இழுவலிமையில் சாதாரணக் கம்பியைப் போலப் பல மடங்கு; எடையில் எஃகில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு; துரு என்பதே கிடையாது. எபாக்ஸியில் தோய்த்துத் தளத்தின் அடியில் ஒட்டினால் விரிசல், கறை, கேள்வி மூன்றும் ஒரே நாளில் மறையும்.

இந்தக் கையேடு உங்களுக்குப் புதிதாக எதையும் கற்றுத் தராது. ஏற்கெனவே செய்துவருவதை இன்னும் ஒழுங்காக, வரிசை தவறாமல் செய்ய உதவும், அவ்வளவுதான்.

1. மேலே நின்று பாருங்கள்

மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை பாலத்தைப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. தாராளமாகப் பாருங்கள். ஜீப்பை விட்டு இறங்க வேண்டாம். கண்ணாடியை இறக்கினால் போதும். பாலத்தின் மேல்பக்கம் எப்போதும் லட்சணமாகத்தான் இருக்கும்: புதுத் தார், வெள்ளைக் கோடு, கைப்பிடிச் சுவரில் தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்து.

அடியில் மட்டும் போய்விடாதீர்கள். அங்கே முள்ளும் சகதியும் கிடக்கும். எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வழியாக வழிந்த தண்ணீர் வெள்ளைத் தாரையாகக் காய்ந்திருக்கும். அந்த வெள்ளைக்கு நடுவே பழுப்புக் கறை, கறைக்குப் பின்னால் துருவேறிய கம்பி. பார்த்தால் எழுத வேண்டும், எழுதினால் யாராவது படித்துவிடுவார்கள். ஆகவே போன வருஷப் படிவத்தில் இருக்கும் "திருப்திகரம்" என்ற சொல்லை அப்படியே எடுத்துப் போடுங்கள். தேதியை மட்டும் மாற்றுங்கள். சிலர் தேதியையும் மாற்றாமல் அனுப்புகிறார்கள். அது சோம்பேறித்தனம், இந்தக் கையேடு அதை ஆதரிக்கவில்லை.

2. தண்ணீருக்கு வழி விடுங்கள், உள்ளே போக

பாலத்தளம் கெட முதல் காரணம் தண்ணீர். அது போய்விட்டால் பழுதே வராது. பழுது வராவிட்டால் பழுதுபார்க்க நிதியும் வராது. தளத்தின் ஓரத்தில் சில மீட்டருக்கு ஒரு வடிகுழாய் வைத்திருப்பார்கள். அதன் வாயில் முதலில் மண் சேரட்டும், பிறகு செடி முளைக்கட்டும், கடைசியில் தார் மூடட்டும். தார் போட வரும் ஆட்களிடம் துளையை மூடாதே என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் ஏன் வழக்கத்தை மாற்ற வேண்டும்?

பழைய தாரைச் சுரண்டி எடுக்காதீர்கள். அதன் மேலேயே அடுத்த அடுக்கைப் போடுங்கள். 50 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு அடுக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 115 கிலோ இருக்கும். 8 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு ஸ்பானில் 160 சதுர மீட்டர். ஆக 18 டன்னுக்கு மேல். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் முழு லோடு ஏற்றிய இரண்டு அச்சு லாரி ஒன்றை ஸ்பான் மேல் நிரந்தரமாக நிறுத்திவிட்டு வருகிறீர்கள். பத்திருபது ஆண்டில் எத்தனை லாரி நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை. பாலத்தைப் பலப்படுத்த வேண்டும் என்று பின்னால் நீங்கள் எழுதப்போகும் குறிப்புக்கு இதைவிட உறுதியான அடிப்படை கிடைக்காது.

3. சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

சோதனைகளிலேயே மலிவானதும் உங்களுக்கு மிக ஆபத்தானதும் சாதாரணச் சுத்தியல்தான். சந்தையில் பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பது போலத் தளத்தைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் "டங்" என்னும். உள்ளே அடுக்கு பிரிந்த இடம் "டொப்" என்னும். தார் இல்லாத தளமாக இருந்தால் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்தாலே போதும், பொள்ளல் இருக்கும் இடத்தைக் காது சொல்லிவிடும். சாக்பீஸ் வைத்திருக்கும் ஒரு ஆள் அரை நாளில் கெட்ட இடங்களையெல்லாம் வட்டம் போட்டுவிடுவார்.

தொல்லையே இந்த வட்டங்களால்தான். வட்டம் போட்டால் பரப்பு தெரியும். பரப்பு தெரிந்தால் எஸ்டிமேட் மாறும். டெண்டரோ ஏற்கெனவே விட்டாயிற்று. காது கூர்மையான பழைய மேஸ்திரி யாராவது சைட்டில் இருந்தால் அவருக்கு அன்று விடுமுறை கொடுங்கள்.

4. கருவிகளை வரவழையுங்கள், கருவி வைக்கும் இடத்தை நீங்களே காட்டுங்கள்

சோதனையே கூடாது என்று சொல்லவில்லை. சோதனை இல்லாத கோப்பு மெலிந்து தெரியும். விலையுயர்ந்த கருவிகளை வரவழைத்து அவற்றை ஊமையாக்குவதில்தான் உங்கள் திறமை.

ரீபவுண்ட் ஹாமரிலிருந்து தொடங்குங்கள். கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால் ஒரு எண் வரும். அதை வைத்துக் கணிக்கும் வலிமை 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இந்தியத் தர விதிநூலே ஒப்புக்கொள்கிறது. இன்னொரு சூட்சுமமும் உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊறி, கான்கிரீட்டின் காரத்தன்மையைத் தின்றுவிடும்; அப்படித் தின்ற மேல்தோல் கெட்டிப்பட்டுப்போகும். அங்கே ஹாமர் அதிக எண் காட்டும். கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றிவந்ததோ அந்தக் காரத்தன்மைதான். காவல் போன இடத்தில் மார்க் கூடுதல்! கிழட்டுப் பாலத்துக்கு இவ்வளவு நட்பான கருவி வேறு கிடையாது.

இந்த ரகசியத்தைக் காட்டிக்கொடுப்பது பினால்ப்தலீன் என்ற திரவம். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால் காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத பட்டை கம்பி வரை எட்டியிருந்தால் கம்பிக்கு இனிமேல் பாதுகாப்பு இல்லை. ஆகவே தெளித்தே தீர வேண்டும் என்றால் காலையில் கொத்தனார் பூசிய புதுப் பூச்சில் தெளியுங்கள். பளிச்சென்ற ரோஜா நிறம் கிடைக்கும், அறிக்கையின் அட்டைப்படத்துக்கும் ஆகும்.

அடுத்தது, செம்பும் மயில்துத்தக் கரைசலும் கொண்ட அரைமின்கலம். கம்பியோடு இணைத்துத் தளத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போனால் மில்லிவோல்ட்டில் அளவு காட்டும். மைனஸ் 350-ஐத் தாண்டிக் கீழே போனால் அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 200-க்கு மேலே நின்றால் துரு இல்லாதிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. இரண்டுக்கும் நடுவே எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் குடியிருக்க வேண்டிய இடம் அந்த நடுவேதான். கான்கிரீட்டில் ஈரம் இருந்தால்தான் இந்தக் கருவி சரியாகப் பேசும் என்பதால், கத்திரி வெயிலில் நன்றாகக் காய்ந்த மத்தியானமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

கோர் எடுக்கச் சொல்லி யாராவது பிடிவாதம் பிடித்தால், "தளத்தில் துளை போட்டால் கம்பி வெட்டுப்படுமே" என்று அக்கறையோடு சொல்லிவிட்டுத் தூணில் எடுங்கள். தளம் அரித்துப்போன பல பாலங்களில் தூண் இன்னும் திடமாக இருக்கும்.

5. சுவிட்சர்லாந்துக் கதையில் பாதியை மட்டும் சொல்லுங்கள்

துளை போட்டால் கம்பி வெட்டுப்படும் என்ற பயம் பொய்யல்ல. சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் பகுதியிலுள்ள இபாக் பாலத்தில் போக்குவரத்து விளக்கு பொருத்தத் துளை போட்டவர்கள், உள்ளே ஓடிய முன்னிறுக்கக் கம்பிவடத்தைத் தெரியாமல் அறுத்துவிட்டார்கள். எம்பா ஆய்வகத்தின் உர்ஸ் மையர் குழுவின் ஆராய்ச்சியை நம்பி, 1991-இல் கார்பன் தகடுகளை ஒட்டி அதைச் சரிசெய்தார்கள். கார்பன் ஒட்டி வலுப்படுத்திய பாலங்களில் உலகிலேயே முதலாவது அது. ஒட்டிய கார்பனின் எடை 6.2 கிலோ. எஃகுத் தகடு வைத்திருந்தால் 175 கிலோ ஆகியிருக்கும்.

கூட்டத்தில் இந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் திரையில் போடுங்கள். கலெக்டர் புருவத்தை உயர்த்துவார். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே அறுந்தது எந்த வடம், எந்த இடத்தில் என்பதெல்லாம் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும்; பாலத்துக்கு வந்தது வெட்டுக்காயம், உள்ளே பரவும் துரு அல்ல; ஒட்டிய பிறகு 84 டன் வண்டியை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் திருப்தி அடைந்தார்கள். இந்த மிச்சப் பாதியைச் சொன்னால், "நம் பாலத்தில் எது அறுந்திருக்கிறது?" என்று யாராவது கேட்பார்கள். உங்களிடம் பதில் இல்லை. இல்லாமல் இருக்கத்தான் முதல் நான்கு படிகளையும் சொன்னேன்.

6. கண்ணுக்குத் தெரியும் துருவை மட்டும் தட்டிவிடுங்கள்

முறையாகச் செய்கிறவர்கள் கெட்ட கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு உடைத்தெடுப்பார்கள். கம்பியைச் சுற்றிலும் மினுங்கும் வரை தேய்ப்பார்கள். பாதி கரைந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டுவார்கள். இதற்குச் சாரம், ஆள், நேரம், தூசி எல்லாம் ஆகும். நீங்கள் முகத்தை மட்டும் துடையுங்கள். கம்பியின் முதுகில் இருக்கும் துரு அங்கேயே இருக்கட்டும். துரு என்பது தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும் பொருள். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்தது அதுதான். இனி அது உங்கள் புதுக் கலவையையும் அதன் மேல் ஒட்டிய கார்பனையும் நிதானமாகக் கீழே தள்ளும்.

கடலோரப் பாலமாக இருந்தால் உங்களுக்கு யோகம். உப்பு ஊறிய பழைய கான்கிரீட்டுக்கு நடுவே ஒட்டுப்போட்டால், ஒட்டுப்போட்ட இடம் தப்பித்து, அதன் விளிம்பை ஒட்டிய பழைய இடத்தில் துரு வேகமெடுக்கும். ஒட்டுப்போடுகிற வரைக்கும் அந்தப் பக்கத்து இடத்தைக் காப்பாற்றிவந்ததே, துருப்பிடித்துத் தன்னைப் பலிகொடுத்த கம்பிதான். ஒரு வேலை முடியும்போதே அடுத்த வேலை உற்பத்தியாகிறது. வாழ்நாள் முழுக்க எஸ்டிமேட் போடலாம்.

7. ஒட்டுங்கள்

விழாவே இதுதான். சந்தனப் பொட்டு வைத்த ரோலை அவிழ்ப்பதிலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள்.

கான்கிரீட்டின் மேல் சிமென்ட் பால் காய்ந்த பலவீனமான தோல் ஒன்று இருக்கும். அதை ஜல்லி தெரிய அரைத்தெடுத்துவிட்டுத்தான் பிரைமர் அடிக்க வேண்டும் என்பார்கள். கிரைண்டர் சத்தம் போடும், துணியால் துடையுங்கள். மூலைகளை 13 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது மழுக்க வேண்டும் என்பார்கள். கூர்மையாக விடுங்கள், இழை அங்கே தானாக ஒடிந்துகொள்ளும். கான்கிரீட்டில் ஈரம் கோக்காமல் இருக்க, அதன் வெப்பம் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பார்கள். ஐப்பசி அடைமழையில், நள்ளிரவில், ஆற்றுக்கு நேர் மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசினையும் ஹார்டனரையும் தராசில் நிறுத்துக் கலப்பது லேப் பழக்கம். சைட்டில் கண்ணளவு போதும். சின்னச் சின்னதாகக் கலக்காமல் ஒரே வாளியில் மொத்தமாகக் கலக்குங்கள். மொத்தமாகக் கலந்த எபாக்ஸி தன் சூட்டிலேயே தகித்துப் புகைந்து வாளியோடு கல்லாகிவிடும். கல்லாவதற்கு முந்தைய சில நிமிடங்களில் அது இறுகிக்கொண்டு வருவது குச்சிக்குத் தெரியும். அப்போது கொஞ்சம் தின்னர் ஊற்றி, "சீக்கிரம் தேயுங்கப்பா" என்று குரல் கொடுங்கள். உள்ளே அகப்பட்ட காற்றை உருளையால் ஒரே திசையில் தள்ளி வெளியேற்ற யாருக்கும் அவகாசம் இருக்காது. குமிழ்கள் அப்படியே நிற்கும். பின்னால் காசால் தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் கேட்கும். காசு யாரிடமும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஜிபே வந்த பிறகு இது சுலபம்.

ஒரு நுணுக்கம். கார்பன் இழைக்கு வலிமை அது ஓடும் திசையில் மட்டும்தான். குறுக்கே இழுத்தால் வெறும் பசையின் வலிமைதான் மிஞ்சும். ஆகவே தளம் எந்தப் பக்கம் வளைகிறது என்று டிராயிங்கைப் பிரித்துப் பார்க்காமல், ரோலை வெட்ட எது வசதியோ அந்தத் திசையில் ஒட்டுங்கள். கீழிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் கறுப்புதான்.

கம்பி வெளியே தெரியும் இடத்தில் கார்பன் நேரடியாக அதைத் தொடட்டும். கார்பனும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் மின்கலமாகி இரும்பு இன்னும் வேகமாக அரிபடும். நடுவே கண்ணாடி இழையில் ஒரு அடுக்கு வைத்தால் போதும், இது தடைப்படும். நீங்கள் அதையும் மிச்சம் பிடியுங்கள்.

8. ஒரு அங்குலம் விடாமல் மூடுங்கள்

தளத்துக்குள் தண்ணீர் மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. படி 2-ஐ ஒழுங்காகச் செய்திருந்தால் நிறையவே இறங்கும். அடிப்பக்கத்தில் பட்டை பட்டையாக இடைவெளி விட்டு ஒட்டினால் அது கசிந்து வெளியேறும். வெள்ளைத் தாரை மறுபடி தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று மறுபடி படம் எடுப்பார்கள். சுவரிலிருந்து சுவர் வரை முழுக்க மூடுங்கள். தண்ணீர் கார்பனுக்கு மேலே தங்கி, கான்கிரீட்டில் ஊறி, கம்பியோடு பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்கும். வெளியே துளிக்கூடக் கறை தெரியாது.

தூண்களுக்கு நேர் மேலே தளம் மேல்பக்கமாக விரியும். அங்கே கார்பனை மேல்பக்கம் ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டிய கையோடு, பாதுகாப்பு அடுக்கு எதுவும் போடாமல், தார்க் கலவையைக் கொண்டுவந்து கொட்டுங்கள். அது 150 டிகிரியைத் தொட்டுக்கொண்டு வரும். சாதாரணமாகப் புழங்கும் எபாக்ஸி 60 முதல் 80 டிகிரிக்குள் இளகத் தொடங்கிவிடும். மிச்சத்தை ரோடு ரோலர் பார்த்துக்கொள்ளும்.

9. தகட்டின் முதுகைப் பார்க்காதீர்கள்

ஒட்டியது ஒட்டியதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. 50 மில்லிமீட்டர் வட்டத் தகடு ஒன்றைக் கார்பன் மேல் ஒட்டி, அதைச் சுற்றிக் கான்கிரீட் வரை வெட்டிவிட்டு, ஒரு சின்னக் கருவியால் நேராக இழுப்பார்கள். 1.4 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். அந்தச் சின்ன வட்டத்தில் ஏறக்குறைய 280 கிலோ இழுவை. பிய்ந்து வரும் வரை இழுத்தால் தகட்டின் முதுகில் எல்லாம் எழுதியிருக்கும். ஜல்லியோடு கான்கிரீட் துண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் பசை கான்கிரீட்டை வென்றுவிட்டது, வேலை சுத்தம். வழுவழுவென்று பசை முகம் மட்டும் வந்தால் ஒட்டவே இல்லை. மெல்லிய சாம்பல் தூள் அப்பிக்கொண்டு வந்தால், அரைக்காமல் விட்ட சிமென்ட் தோலோடு சேர்ந்து கழன்றிருக்கிறது.

எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு தகட்டை ஆற்றில் எறியுங்கள். எண்ணும் குறைந்தால் ஏணிக்குப் பக்கத்தில், மேஸ்திரி தன் கையால் கவனமாக ஒட்டிய அந்த ஒரு சதுர அடியில் மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். எல்லா சைட்டிலும் அப்படி ஒரு சதுர அடி உண்டு. உங்கள் சைட்டில் அது எங்கே என்று உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டியில் இன்னும் ஒரு சங்கடமான விதி இருக்கிறது. தீயிலோ விபத்திலோ கார்பன் முழுவதும் கழன்றுபோனாலும், பழைய பாலம் தன் எடையையும் வண்டிப் பாரத்தில் பெரும்பகுதியையும் தாங்கி நிற்க வேண்டும். நிற்காதென்றால் அந்தப் பாலத்துக்குக் கார்பன் வைத்தியமே கிடையாது. காரணம் எளிது. இரும்பு இழுபட்டு, தொங்கி, விரிசல் காட்டி எச்சரித்துவிட்டுத்தான் போகும். கார்பன் கடைசி வரை விறைப்பாக இருந்துவிட்டு ஒரே நொடியில் பிய்ந்துகொள்ளும். இந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கும்போது விட்டுவிடுங்கள்.

10. லோடு டெஸ்டை ஒத்திப்போடுங்கள். இரண்டாவது ஆளைக் கூப்பிடாதீர்கள்

பாரம் ஏற்றிய லாரிகளைக் கணக்காக நிறுத்தி, தளம் எவ்வளவு தாழ்கிறது, எடுத்த பிறகு எவ்வளவு நிமிர்கிறது என்று அளப்பதுதான் லோடு டெஸ்ட். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி, பாரத்தை எடுத்த 24 மணி நேரத்தில் ஆர்.சி.சி. பாலம் 75 சதவீதமும் முன்னிறுக்கப் பாலம் 85 சதவீதமும் மீண்டு வர வேண்டும். பொய் சொல்லத் தெரியாத சோதனை என்பதால் தேர்தல், திருவிழா, தேர்வு என்று ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுங்கள்.

கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2016 அக்டோபரில் திறந்தது. 2019 மே மாதம் மூடியாயிற்று. சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ந்து, கார்பன் ஃபைபர் சுற்றலாம் என்று சொன்னது. நம் பாணியில் அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். கேரள அரசு, ஓய்வு வயதைத் தாண்டிய மெட்ரோ ரயில் பொறியாளர் இ.ஸ்ரீதரனைக் கூப்பிட்டுவிட்டது. அவர் 102 கர்டர்களில் 97-இல் விரிசல் என்று எண்ணிக் காட்டினார்; சுற்றினால் போதாது, மேல்கட்டுமானத்தையே மாற்ற வேண்டும் என்றார். முதலில் லோடு டெஸ்ட் செய்யுங்கள் என்றது உயர் நீதிமன்றம். டெஸ்ட் வேண்டாம், கட்டியே தீருகிறோம் என்று அரசு உச்ச நீதிமன்றம் போய், 2020 செப்டம்பரில் அனுமதி வாங்கியது. கர்டரும் தளமும் மாற்றிக் கட்டி 2021 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். ஐந்து ஆண்டுக்குள் ஒரே பாலத்துக்கு இரண்டு திறப்பு!

இதில் உங்களுக்கான பாடம்: விரிசலை எண்ணத் தெரிந்தவரைக் கூப்பிடாதீர்கள். குறிப்பாக, ஓய்வு வயதைத் தாண்டியவர்களைக் கூப்பிடவே கூடாது. அவர்களுக்கு மாறுதல் பயம் கிடையாது.

11. விழுந்ததைப் பொறுக்கி ஓரமாகப் போடுங்கள்

கனடாவில் மான்ட்ரியாலை ஒட்டிய லவால் நகரில், 1970-இல் கட்டிய தெ லா கான்கோர்ட் மேம்பாலம். கம்பியைக் கட்டும்போதே தவறான இடத்தில் வைத்துவிட்டார்கள். 1992-இல் ஜாயின்ட் பழுதுபார்க்கக் கான்கிரீட்டை உடைத்தபோது அந்தத் தவறு வெளியே வந்து நின்றது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. புதுக் கலவை போட்டு மூடினார்கள். 2006 செப்டம்பர் 30, சனிக்கிழமை முற்பகல், பாலத்திலிருந்து கான்கிரீட் துண்டுகள் சாலையில் விழுவதாகத் தகவல் போனது. ஒரு சாலை ஊழியர் வந்து பார்த்தார். துண்டுகளை அப்புறப்படுத்தினார். பாலத்தை மூடாமல் கிளம்பினார். ஒரு மணி நேரம் ஆவதற்குள் பாலம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள்.

அந்த ஊழியரிடம் சுத்தியல் இருந்திருக்கலாம். சாலையை மூடச் சொல்லும் அதிகாரம்தான் தனக்கு இருப்பதாக அவர் நினைக்கவில்லை போலும். உங்களுக்கும் அப்படி நினைக்காமலிருக்க நல்ல பயிற்சி கிடைத்திருக்கிறது. "ஃபைலில் போடுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற வாக்கியத்தை வாய் தானாகச் சொல்லும் வரை பழகுங்கள்.

12. பெயின்ட் அடியுங்கள், மாறுதல் வாங்குங்கள்

கார்பனும் எபாக்ஸியும் வெயிலில் கெடாமலிருக்க மேற்பூச்சு தேவை. இது ஒன்றைத்தான் இந்தக் கையேடு விதிநூலோடு ஒத்துப்போய்ச் சொல்கிறது. கான்கிரீட் நிறத்திலேயே அடித்துவிட்டால் எங்கே ஒட்டினோம், எங்கே ஒட்டவில்லை என்று பிற்பாடு எவராலும் சொல்ல முடியாது. தூண்களில் ஜல்லிக்கட்டுக் காளையும் பரத நாட்டியமும் வரையச் சொல்லுங்கள். கீழிருந்து படம் எடுப்பவர்கள் இனி அதைத்தான் எடுப்பார்கள். அளவுப் பதிவேடான எம் புக்கில் சதுர மீட்டரை முழுசாக எழுதுங்கள். எந்த ரோல், எந்தத் தேதி, எந்தக் கலவை, எந்த இடம் என்ற குறிப்பை மட்டும் எங்கும் வைக்காதீர்கள். அடுத்து வருபவர் படி 1-இலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டுமல்லவா?

பிறகு மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆணை கைக்கு வந்தாக வேண்டும். தேவையான இடத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குடும்பத்தோடு புது ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பாலம்தான் குறுக்கு வழி என்று டிரைவர் சொன்னால், கேட்காதீர்கள். சுற்று வழியில் போகச் சொல்லுங்கள்.